ஆபர்ன் ஃபுட்பால்: எல்லோரும் பேசுகிற ஆட்டங்கள் எவை? நவம்பரில் நேரில் பார்க்கப் போகிறேன்

செக்காலை ரோடு:

வணக்கம். காரைக்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். ஆட்டம் என்றால் எனக்கு கிரிக்கெட், அதை விட்டால் தை மாசம் சிராவயல் மஞ்சுவிரட்டு, அவ்வளவுதான். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் என்கிற ஊரில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை அங்கேயே எம்.எஸ். படித்து அந்தப் பக்கமே வேலைக்குப் போனவர். தங்கமான மனுஷன், ஆனால் செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை போனை எடுக்க மாட்டார். கேட்டால் "மாமா, இன்னைக்கு ஃபுட்பால்" என்பார். நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஆட்டம். படித்து முடித்துப் பல வருஷம் ஆன காலேஜ் ஆடுகிற ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த நவம்பரில் நானும் வீட்டம்மாவும் போகிறோம். அலபாமா பல்கலைக்கழகத்தோடு நடக்கும் ஆட்டத்துக்கு எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். விலையை மகள் மெதுவாகச் சொன்னாள், அந்தக் காசுக்கு இங்கே ஒரு பெண்ணுக்குப் பாதிச் சீர்ச் சாமான் எடுத்துவிடலாம்.

யூடியூபில் கொஞ்சம் பார்த்தேன். ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள், எழுந்து நின்று மறுபடி விழுகிறார்கள். விதிகளை மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்துவிடுவார், அது பற்றிக் கவலை இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது, அந்த டீமின் சரித்திரத்தில் மறக்கவே முடியாது என்று அங்கே இருப்பவர்கள் சொல்லும் ஆட்டங்கள் எவை, ஏன் என்பதுதான். பக்கத்து சீட்டில் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்காரக் கூடாது. தெரிந்தவர்கள் விவரமாகவே எழுதுங்கள், நேரம் இருக்கிறது.

புதுவயல் புலி:

அண்ணே, சரியான ஆளிடம் கேட்டீர்கள். 2013-ல் நான் அங்கே மாணவன், அதனால் அந்த வருஷத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். வேறு யாரைக் கேட்டாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

அதற்கு முந்தைய வருஷம், 2012-ல், ஆபர்ன் ஆடிய 12 ஆட்டத்தில் 9 தோல்வி. அலபாமாவிடம் 49-0. கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கஸ் மல்சான் என்பவரைக் கொண்டுவந்தார்கள். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆட்டம் ஆட்டமாக ஜெயித்துக்கொண்டே போனது டீம்.

நவம்பர் 16-ஆம் தேதி ஜார்ஜியாவோடு ஆட்டம். நல்ல முன்னிலையில் இருந்து கோட்டை விட்டு, கடைசியில் ஒரு பாயின்ட் பின்னால் நின்றோம். நாலாவது முயற்சி, 18 யார்டு போக வேண்டும், நேரம் அரை நிமிஷத்துக்கும் கொஞ்சம்தான் மேலே. விதி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நாலு முயற்சிக்குள் 10 யார்டு நகர வேண்டும், நகராவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். நாங்கள் மூன்று முயற்சியில் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போயிருந்தோம். பந்தை எறிகிற எங்கள் ஆட்டக்காரர் நிக் மார்ஷல் கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி ஒரு எறி. ஜார்ஜியாக்காரர்கள் இரண்டு பேர் அதைப் பிடிக்க ஒரே நேரத்தில் எம்பி, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டதில் பந்து அவர்கள் தலைக்கு மேலே எகிறி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் ரிக்கார்டோ லூயிஸ் கைக்கு வந்து சேர்ந்தது. 73 யார்டு, டச்டவுன் (பந்தோடு எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது, ஆறு பாயின்ட்), 43-38. இதை ஜோர்டன்-ஹேர் பிரார்த்தனை என்பார்கள். ஜோர்டன்-ஹேர் என்பது நீங்கள் போகப்போகிற ஸ்டேடியத்தின் பெயர்.

இப்படி ஒன்று ஒரு வருஷத்துக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டே வாரத்தில், நவம்பர் 30, அலபாமா வந்தது. முந்தைய இரண்டு சீசனும் தேசிய சாம்பியன், அன்றைக்கும் தரவரிசையில் முதலிடம். நாங்கள் நாலாவது. கடைசி 32 வினாடி இருக்கும்போது 28-28 என்று சமன் செய்தோம். அலபாமாவின் யெல்டன் பந்தோடு ஓடி எங்கள் 38 யார்டு பக்கம் கோட்டுக்கு வெளியே போனார், கடிகாரம் பூஜ்யத்தைக் காட்டியது. சரி, கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று நாங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாயிற்று. அலபாமா கோச் நிக் சேபன் விடவில்லை. அவன் கோட்டைத் தாண்டும்போது ஒரு வினாடி பாக்கி இருந்தது என்று நடுவரிடம் வாதம். வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள், அவர் சொன்னது சரிதான், ஒரு வினாடியைத் திரும்பப் போட்டார்கள்.

அந்த ஒரு வினாடியில் 57 யார்டிலிருந்து உதைத்து ஃபீல்டு கோல் போடுவது, அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று பாயின்ட் எடுப்பது, அவர்கள் திட்டம். அன்றைக்கு அவர்களுடைய கிக்கர் ஏற்கெனவே சொதப்பியிருந்ததால், ஆடம் கிரிஃபித் என்ற சின்னப் பையனை அனுப்பினார்கள். எங்கள் கோச் டைம் அவுட் கேட்டு, கிறிஸ் டேவிஸைக் கொண்டுபோய்க் கோல் கம்பத்துக்குக் கீழே நிறுத்தினார். உதைத்த பந்து கம்பம் வரை வராமல் கீழே விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடலாம் என்பது விதி, ஆனால் யாரும் அதை மெனக்கெட்டு நினைத்துப் பார்ப்பதில்லை. பந்து ஒரு மயிரிழை குட்டையாக வந்தது. டேவிஸ் பிடித்தார். முதலில் நடுவில் நாலு அடி, அப்புறம் இடது பக்க ஓரக் கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தார். ஃபீல்டு கோலுக்கு நிற்கிற ஆட்கள் எல்லாம் தடுத்து நிறுத்துவதற்கென்றே இருக்கும் மலை மாதிரி ஆட்கள், விரட்டி ஓடத் தோதானவர்கள் இல்லை. பாதி மைதானம் தாண்டும்போதுதான் எனக்கே புரிந்தது, இவனைப் பிடிக்க முன்னால் ஆளே இல்லை என்று. உண்மையில் ஓடியது 109 யார்டு, கணக்குப் புத்தகத்தில் 100 என்றுதான் எழுதுவார்கள். 34-28. நேரம் முடிந்துவிட்டது, ஆட்டமும் முடிந்துவிட்டது.

அப்புறம் வேலியாவது காவலாவது, மாணவர்கள் மொத்தப் பேரும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டோம். என் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. இதற்கு கிக் சிக்ஸ் என்று பெயர். சேபன் சும்மா இருந்திருந்தால் கூடுதல் நேரத்தில் அவர்களே ஜெயித்திருக்கவும் கூடும். கேட்டு வாங்கிய ஒரு வினாடியில் தோற்ற டீம் வேறு எங்கேயும் இருக்கிறதா, தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தேவகோட்டை டு டஸ்கலூசா:

வந்துட்டோம்ல. புதுவயல் தம்பி எழுதினதில் பொய் எதுவும் இல்லை, ஆனால் அந்த சீசன் எப்படி முடிந்தது என்பதை நைசாக விட்டுவிட்டார். 2014 ஜனவரி 6, தேசியச் சாம்பியன் ஆட்டம், ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 34-31 தோல்வி. அண்ணே, உங்கள் மாப்பிள்ளையும் இதைச் சொல்ல மாட்டார், நான் சொல்லி வைக்கிறேன்.

நான் அலபாமா பல்கலைக்கழகத்தில், டஸ்கலூசா ஊரில் படித்தவன். நீங்கள் கேட்டது ஆபர்ன் சரித்திரம், சரி, ஆனால் மறக்க முடியாத ஆட்டம் என்றால் ஜெயித்தது மட்டும்தானா? 2023 நவம்பர் 25, அதே ஜோர்டன்-ஹேர். ஆபர்ன் 24-20 என்று முன்னால். எங்களுக்கு நாலாவது முயற்சி, 31 யார்டு போக வேண்டும், இதுதான் கடைசி வாய்ப்பு. 31! ஆபர்ன் இரண்டே பேரை முன்னால் அனுப்பிவிட்டு மற்ற எல்லோரையும் பின்னால் நிறுத்திக் காவல் போட்டிருந்தது. எங்கள் மில்ரோ நிதானமாக நின்று பார்த்து மூலையில் எறிந்தார், எங்கள் ஐசயா பாண்ட் பிடித்தார். 27-24. 32 வினாடிதான் பாக்கி. நீங்கள் உட்காரப்போகிற அதே ஸ்டேடியத்தில் அன்றைக்குத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வேண்டாம், டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார். 2020-லிருந்து 2024 வரை அஞ்சு வருஷமும் ஜெயித்தது நாங்கள்தான், இது பொதுவான தகவலுக்கு.

ஒன்று மட்டும் எங்கள் பக்கத்துக் கேவலம், நானே சொல்லிவிடுகிறேன். ஆபர்னில் டூமர்ஸ் கார்னர் என்று ஒரு முக்கு, காலேஜ் வாசலில் இரண்டு பழைய ஓக் மரம். டீம் ஜெயித்தால் ஊரே வந்து டாய்லெட் பேப்பர் சுருளை மரத்தின் மேல் வீசும், மரம் முழுக்க வெள்ளையாகத் தொங்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். 2010-ல் நாங்கள் தோற்ற கடுப்பில் எங்கள் ரசிகர் ஒருவர் போய் இரண்டு மரத்துக்கும் களைக்கொல்லி விஷத்தை ஊற்றிவிட்டார். ஊற்றியதோடு விட்டாரா, ரேடியோ நிகழ்ச்சிக்குப் போன் போட்டு "நான்தான் செய்தேன்" என்று பெருமையடித்துக்கொண்டார். ஜெயிலுக்குப் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013 ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள், 2015-ல் புது மரம் நட்டார்கள். ஆட்டத்தில் தோற்றதற்கு மரத்தை என்ன செய்வது? இதில் எனக்கு அந்த ஆளோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை.

நேமத்தான்பட்டி:

எல்லாம் படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் காலேஜ் பசங்க ஆட்டத்துக்கு மரத்துக்கு விஷம் வைக்கிற அளவுக்குப் போவானா ஒருத்தன்? நம்ம அழகப்பா காலேஜ் கிரவுண்டிலும் மேட்ச் நடக்குது, பார்க்க வருவது ஆடுகிறவனின் ரூம்மேட் நாலு பேர், டீ கேன் தூக்கி வருகிற அண்ணன் ஒருத்தர்.

கோட்டையூர் ஆச்சி:

நேமத்தான்பட்டித் தம்பிக்கு முதலில் பதில். தொழில்முறை ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல்.-இல் அலபாமா மாநிலத்து டீம் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கு இருப்பதே இந்த இரண்டு காலேஜ்தான். படிக்காதவனும், காலேஜ் வாசலையே மிதிக்காதவனும் இதில் ஏதோ ஒரு பக்கம். ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று இருப்பதும் உண்டு. ஸ்டேடியத்தில் எண்பத்தேழாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம், 2020 கணக்கெடுப்பில் ஊர் ஜனத்தொகையே எழுபத்தாறாயிரம்தான்.

என் வீட்டுக்காரர் எண்பதுகளின் கடைசியில் ஆபர்னில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சியில் இருந்தார். அதனால் இன்னும் பழைய கதை எனக்குத் தெரியும். தம்பிகள் இரண்டு பேரும் நேற்று நடந்ததையே பேசுகிறார்கள்.

இந்த இரண்டு காலேஜும் 1907-ல் 6-6 என்று சமமாக ஆடிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு ஒப்பந்தம் பேசும்போது முறைத்துக்கொண்டன. எத்தனை ஆட்டக்காரரைக் கூட்டி வரலாம், அவர்களுக்குத் தினப்படி எவ்வளவு, நடுவர் யார், இதுதான் தகராறு. தினப்படியில் வித்தியாசம் ஆளுக்கு அரை டாலர். அதற்காக 41 வருஷம் ஒருவரோடு ஒருவர் ஆடவே இல்லை. நம் பக்கத்துப் பங்காளிச் சண்டைகூட நடுவில் ஒரு கல்யாணம் காட்சி வந்தால் தணியும், இது தணியவில்லை. மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டு நெருக்கிய பிறகுதான் 1948-ல் மறுபடி ஆடினார்கள். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு மாணவர் தலைவர்களும் பர்மிங்காமில் ஒரு பூங்காவில் குழி தோண்டி ஒரு கோடாரியைப் புதைத்தார்கள், இனிப் பகை இல்லை என்று. அன்றைக்கு அலபாமா 55-0. பகை எங்கே போகும்? அடுத்த வருஷமே ஆபர்ன் 14-13 என்று திருப்பிக் கொடுத்தது.

அதற்கப்புறம் நாற்பது வருஷம் இந்த ஆட்டம் பர்மிங்காமில்தான் நடந்தது. இரும்பு எஃகு ஆலை ஊர், அதனால் இந்த ஆட்டத்துக்கு அயன் பவுல் என்று பெயர். பொது மைதானம் என்று பெயர், டிக்கெட்டும் பாதிப் பாதிதான், ஆனால் அலபாமா தன் மற்ற ஆட்டங்களையும் அடிக்கடி அங்கே ஆடும், ஆக அவர்களுக்கு அது சொந்த வீடு மாதிரி. ஆபர்னுக்கு வந்து ஆட மாட்டோம் என்பது அவர்கள் பிடிவாதம். ஆபர்ன் விவசாயக் கல்லூரியாக வளர்ந்தது இல்லையா, மாட்டுக் காலேஜ் என்று நக்கல் வேறு.

1989 டிசம்பர் 2, முதல் முறையாக அலபாமா ஆபர்னுக்கு வந்தது. அதுவரை அந்த சீசனில் தோற்காத டீம். எங்களிடம் டிக்கெட் இல்லை, ஆனால் காலையில் இருந்தே தெருவில் நின்றோம். ஆட்டக்காரர்கள் நடந்து ஸ்டேடியத்துக்குப் போவார்கள், அதை டைகர் வாக் என்பார்கள். இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு கூட்டம், பையன்கள் ஒற்றை வரிசையில்தான் போக முடிந்தது. எனக்கு முன்னால் எழுபது வயசிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, ஆரஞ்சுத் தொப்பி, ஒவ்வொரு பையன் தோளையும் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. 30-20 என்று ஆபர்ன் ஜெயித்தது. கிக் சிக்ஸ் அதிர்ஷ்டம் தம்பி. அலபாமாவை வாசலுக்கு வரவைத்ததுதான் சாதனை. என்னைக் கேட்டால் இதுதான் முதல்.

1972-ஐயும் சொல்லாமல் விடக் கூடாது. பர்மிங்காமில், கடைசிக் கால் பாகத்தில் அலபாமா 16-0. ஆபர்ன் ஒரு ஃபீல்டு கோல் போட்டு 16-3. அதோடு கதை முடிந்தது என்று பாதிப் பேர் எழுந்திருப்பார்கள். அப்புறம் அலபாமா பந்தைத் தூர உதைத்துவிட முயன்றபோது பில் நியூட்டன் கையை நீட்டித் தடுத்தார், சிதறிய பந்தை டேவிட் லாங்னர் பொறுக்கிக்கொண்டு ஓடி டச்டவுன். சில நிமிஷம் கழித்து அதே மாதிரி இன்னொன்று: தடுத்தது அதே நியூட்டன், பொறுக்கி ஓடியது அதே லாங்னர். 17-16. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை வானொலி வர்ணனையோடு டேப்பில் வைத்திருந்தார், வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் அதுதான்.

தேவகோட்டை டு டஸ்கலூசா:

ஆச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். 1972 பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் பேச மாட்டோம்.

புதுவயல் புலி:

ஆச்சி சொன்னால் மறுப்பேது. ஆனாலும் அதிர்ஷ்டம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன், கம்பத்துக்குக் கீழே ஆளை நிறுத்தியது யோசித்துச் செய்த வேலை.

தேவகோட்டைக்காரர் 2010-ல் தோற்றோம் என்று ஒரு வரியில் போய்விட்டார். அது எப்படித் தோற்றார்கள் என்றால், அவர்கள் ஊரிலேயே, 24-0 என்று முன்னால் இருந்து 28-27 என்று தோற்றார்கள். எங்களுக்குப் பந்தை எறியக் கேம் நியூட்டன் இருந்தார். அந்த வருஷம் தேசியச் சாம்பியன் நாங்கள், 2011 ஜனவரி 10, ஆரிகனை 22-19, கடைசி உதையில். இந்த ஒரு ஆட்டம் எங்களுக்கு முழுசாகச் சந்தோஷம், அதனாலேயே கதையாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, அந்த ஒரு வினாடிக்கு வட்டி வாங்கிய கதை. 2019 அயன் பவுல், பாதி ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். இந்த முறை வீடியோ பார்த்து ஒரு வினாடி எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. எங்கள் கிக்கர் 52 யார்டிலிருந்து உதைத்து மூன்று பாயின்ட். கடைசி ஸ்கோர் 48-45. மூன்று பாயின்ட் வித்தியாசம்தான் அண்ணே!

சிரிக்க வேண்டும் என்றால் 1896. ஜார்ஜியா டெக் டீம் ரயிலில் வருகிறது. ஆபர்ன் மாணவர்கள் முந்தின ராத்திரி நைட் டிரஸ்ஸோடு கிளம்பிப் போய்த் தண்டவாளத்தில் கொழுப்பைத் தடவிவிட்டார்கள். ரயில் ஸ்டேஷனில் நிற்க முடியாமல் வழுக்கிக்கொண்டு அஞ்சு மைல் தள்ளிப் போய் நின்றதாம். அங்கிருந்து ஆட்டக்காரர்கள் மூட்டை முடிச்சோடு நடந்து வந்து, ஆடி, 45-0 என்று தோற்றார்கள். ரயில் கதையில் எவ்வளவு மசாலா சேர்ந்ததோ, ஸ்கோர் உண்மை. அதன் ஞாபகமாக மாணவர்கள் ரொம்ப காலத்துக்கு நைட் டிரஸ்ஸில் ஊர்வலம் போவார்கள்.

செக்காலை ரோடு:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி எழுதியதை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அரை டாலருக்கு 41 வருஷமா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளையிடம் போனில் "2013-ல் அந்த ஒரு வினாடியை சேபன் கேட்காமல் இருந்திருந்தால்?" என்று லேசாகப் போட்டேன். முக்கால் மணி நேரம் பேசினார். கல்யாணம் ஆனதிலிருந்து என்னோடு மொத்தமாக இவ்வளவு பேசியதில்லை.

இரண்டு சந்தேகம். என்ன உடுத்திக்கொண்டு போவது? தேன்குழலும் சீப்புச் சீடையும் கொண்டுபோனால் ஸ்டேடியத்துக்குள் விடுவார்களா?

புதுவயல் புலி:

ஆரஞ்சு அல்லது கடும் நீலம். சிவப்பு, மெரூன் பக்கமே போகாதீர்கள், அது அலபாமா நிறம். ஆச்சிமார் கட்டுகிற அரக்குக் கண்டாங்கியை அன்றைக்கு ஒரு நாள் பெட்டியிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில் சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

பலகாரத்தை உள்ளே விட மாட்டார்கள், பையும் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடிப் பையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் காலையில் இருந்தே வளாகம் முழுக்கக் கூடாரம் போட்டு அடுப்பு வைத்துச் சமைத்துச் சாப்பிடுவார்கள், அங்கே டப்பாவைத் திறந்துவிடுங்கள், சீப்புச் சீடைக்கு வரிசை நிற்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே சீட்டுக்குப் போய்விடுங்கள், நிஜக் கழுகு ஒன்றைப் பறக்க விடுவார்கள், ஸ்டேடியத்தைச் சுற்றி வந்து நடு மைதானத்தில் இறங்கும். அது சுற்றும்போது கூட்டம் "வாஆஆர்" என்று இழுக்கும், இறங்கியதும் "ஈகிள்" என்று முடிக்கும். அதில் மட்டும் சேர்ந்து கத்திவிடுங்கள், மற்றதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

தேவகோட்டை டு டஸ்கலூசா:

அரக்குக் கண்டாங்கி தாராளமாகக் கட்டி வரட்டும் அண்ணே, எங்கள் பக்கம் சீட் போட்டுத் தருகிறோம். சீப்புச் சீடை மட்டும் மறக்காமல்.